விங்ஸ் மொறுமொறுவென்று வர, மாவு வேண்டாம்

வணக்கம் மக்களே! இன்றைக்கு மதுரையில் நம் வீட்டு அடுப்பில் சிக்கன் விங்ஸ் பொரிக்கப் போகிறோம். மைதா, கார்ன்ஃப்ளவர், முட்டை எதுவும் கிடையாது. தோலும் உப்பும் எண்ணெயும் போதும்.

வேலை கறிக்கடையிலேயே தொடங்கிவிடுகிறது. பிராய்லர் கடைகளில் பெரும்பாலும் கேட்காமலேயே தோலை உரித்துவிடுவார்கள். நெல்பேட்டையில் வாங்கினாலும் சரி, தெருமுனையில் வாங்கினாலும் சரி, "அண்ணே, றெக்கை மட்டும், தோலோட குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். றெக்கையில் கறி கொஞ்சம்தான். தோல் போய்விட்டால் வறண்டு எலும்போடு ஒட்டிக்கொள்ளும்.

கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். விரித்தால் மூன்று பாகம். மேலே இருப்பது குட்டி லெக்பீஸ் மாதிரி, நடுவில் இருப்பது தட்டையாக, உள்ளே இரண்டு எலும்பு, கடைசியில் நுனி. மூட்டை விரலால் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். கத்தியை அங்கே இறக்குங்கள், எலும்பு தடுக்காது. நுனி சூப்புக்கு ஆகும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1964இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஆங்கர் பாரில் பொரித்துப் பெயர் வாங்கும் வரை, அங்கேயும் முழு றெக்கையே பெரும்பாலும் சூப்புக்குத்தான் போனது.

அடுத்தது காயவைப்பது. விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் மஞ்சள் தூள் தடவி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தோல் இறுகிப்போயிருக்கும், தொட்டால் கையில் ஈரம் ஒட்டாது. தோலில் தண்ணீர் இருக்கிற வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாமல் சிவக்கவும் செய்யாது, மொறுக்கவும் செய்யாது. அதனால்தான் இவ்வளவு பாடு.

எண்ணெய்க்கு ரீஃபைண்ட் கடலை எண்ணெய். செக்கு எண்ணெய் எனக்கும் உயிர்தான், ஆனால் இந்தச் சூட்டில் அது சீக்கிரம் புகைந்துவிடும், அதைத் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள். கனமான இருப்புச்சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றவே கூடாது, பொங்கி வரும். பிள்ளைகளை அடுப்பு பக்கம் விடாதீர்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள்.

இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதலில் 160 டிகிரி, மிதமான தீ, எட்டு பத்து நிமிடம். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெய் ஆறிவிடும், நாலைந்து துண்டு போதும். சத்தத்தைக் கேளுங்கள்! போட்டதும் சடசடவென்று இரையும். தண்ணீர் வெளியேற வெளியேற நுரை சின்னதாகும், சத்தம் அடங்கும். ஜல்லிக்கரண்டியால் எடுத்து கம்பித் தட்டில் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். உள்ளே இருக்கிற ஈரம் அதற்குள் தோலுக்கு வந்து சேரும். அப்புறம் 190 டிகிரியில் இரண்டே நிமிடம், அந்த ஈரமும் போய் தோல் பொன்னிறமாகும். தெர்மாமீட்டர் இருந்தால் எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள், கறிக்குள் 74 டிகிரி வந்திருக்க வேண்டும். எடுத்ததைப் பேப்பரில் கொட்டாதீர்கள், அடிப்பக்கம் ஆவியில் நமுத்துவிடும்.

மசாலா கடைசியில்தான். மிளகாய்த்தூள் எண்ணெயில் கருகிக் கசக்கும். இன்னொரு சட்டியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை. அடுப்பை அணைத்துவிட்டு, வறுத்துப் பொடித்த ராமநாதபுரம் முண்டு மிளகாய், மிளகு, சீரகம் போட்டு, சூடான விங்ஸைக் கொட்டி ஒரு குலுக்கு. காரம் சாப்பிடாத பிள்ளைகளுக்கு முன்னாடியே நாலு துண்டு எடுத்து வைத்துவிடுங்கள். எலுமிச்சம்பழம் பிழிவதாக இருந்தால் தட்டில் பிழியாதீர்கள், கையில் எடுத்துக் கடிக்கும்போது பிழிந்துகொள்ளுங்கள்.