தெர்மோஸ்டாட்டில் 31, கண்ணாடியில் 43

முதலில் ஒரு மன்னிப்பு. போன வீடியோவில் "என் பாம்பு சுருளிக்குப் புதுப் படுக்கை ரொம்பப் பிடித்துவிட்டது, குளிர்ந்த பக்கத்திலேயே சொகுசாகக் கிடக்கிறாள்" என்று பெருமை பேசினேன் அல்லவா? சொகுசும் இல்லை, ஒன்றும் இல்லை மக்களே. சூடு தாங்காமல் ஓடிப்போய் அந்த மூலையில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நாலு நாளைக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து என் மேல் எனக்கே எரிச்சல்.

பெட்டியில் விரித்திருந்த ஆஸ்பென் மரச் சீவலை அள்ளி வெளியே போட்டுவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டுக்கு மாறினேன், அது உங்களுக்குத் தெரியும். சுருளி பால் பைத்தான் (ball python) வகை மலைப்பாம்பு. பெட்டிக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆஸ்பெனில் ஈரம் பட்டால் பூசணம் பூத்துவிடும். கார்ன் ஸ்னேக் என்கிற வேறு வகைப் பாம்பு வைத்திருப்பவர்கள் தாராளமாக ஆஸ்பென் போடலாம், வளை தோண்டினால் இடியாமல் நிற்கும், அதற்கு அதுதான் அழகு. எங்களுக்கு ஒத்துவரவில்லை. செடார் மரச் சீவல் பக்கம் மட்டும் யாரும் போகாதீர்கள். "வாசனையாக இருக்கிறதே" என்பார்கள். அந்த வாசனைதான் பாம்பின் நுரையீரலுக்கு ஆகாது. பைன் சீவலும் எனக்கு வேண்டாம். மணல் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பென் இருந்தபோது இரண்டு விரல் உயரம்தான் போட்டிருந்தேன். மட்டைத் துண்டு வந்ததும் ஆசை தாங்காமல் ஒரு சாண் அளவுக்குக் கொட்டிவிட்டேன். ஹீட் மேட், அதாவது சூடேற்றும் விரிப்பு, எங்கே இருக்கிறது? பெட்டிக்கு அடியில். சூட்டைப் பார்த்து மேட்டை ஓட்டி நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டின் சென்சார் எங்கே இருக்கிறது? படுக்கைக்கு மேலே! இப்போது யோசித்துப் பாருங்கள். மேட் சூடாகிறது, அந்தச் சூட்டை மட்டை மேலே விடமாட்டேன் என்கிறது. மேலே இருக்கிற சென்சாருக்கு "இன்னும் 31 டிகிரி வரவில்லையே" என்றுதான் தெரியும். அதனால் தெர்மோஸ்டாட் மேட்டை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக மேலே 31 வந்ததும் திரையில் 31 என்று அழகாகக் காட்டுகிறது. நான் தினமும் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சுருளி ஒரு வாரமாகச் சூடான பக்கமே வரவில்லையே என்று, அன்றைக்கு அவளை வெளியே எடுத்த நேரத்தில் மட்டையை ஒதுக்கிவிட்டு, அடிக் கண்ணாடியில் டெம்பரேச்சர் கன்னை நீட்டினேன். 43! கன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், சுவரில் பார்த்தேன், திரும்பக் கண்ணாடியில் பார்த்தேன். 43தான். பால் பைத்தான் படுக்கைக்கு உள்ளே நுழைந்து படுக்கிற ஜாதி. அதன்மேல் மணிக்கணக்கில் படுத்திருந்தால் வயிறு வெந்திருக்கும். சுடுகிறது என்று பாம்பு உடனே நகர்ந்துவிடும் என்று நம்பவே கூடாது, பல சமயம் அப்படியே கிடக்கும். வயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு சிவப்புக் கூட இல்லை. தப்பித்தோம்.

ஆகவே மேட் போயாயிற்று. இப்போது மேலிருந்து, பல்பு போல மாட்டுகிற செராமிக் ஹீட்டர், வலை மூடிக்கு மேலே. வெளிச்சம் கிடையாது, ராத்திரியும் ஓடலாம். மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிற பல்ஸ் வகை தெர்மோஸ்டாட்டில் போட்டிருக்கிறேன்.

இனிமேல்தான் என் வெற்றிக் கதை, பொறுமையாகக் கேளுங்கள். சென்சாரை எங்கே கட்டுவது? சுருளி அதை இழுத்து இழுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவாள். தண்ணீரில் கிடந்தால் "குளிர்கிறது" என்று நினைத்து ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கிண்ணம் ஒட்டினேன், இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. டேப் ஒட்டலாமே என்று கேட்காதீர்கள். முன்பு ஒரு தடவை டேப் ஒட்டி, அது அவள் செதிலில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் தடவித் தடவி அரை மணி நேரம் எடுத்து, நீங்கள் எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்தீர்களே! பெட்டிக்குள் டேப் கூடாது, அவ்வளவுதான். கடைசியில் பிளாஸ்டிக் குகையின் கூரையில் இரண்டு துளை போட்டு, ஜிப் டை கோத்து இறுக்கி, வெட்டின முனையை உரசி மழுங்க வைத்தேன். குகை நகராமல் இருக்க அடியில் ஒரு தட்டைக் கல்லையும் சேர்த்துக் கட்டினேன். மூன்று நாளாக அசையவில்லை. கூரையில் 32, குளிர்ந்த பக்கம் 26. இந்த ஜிப் டையை நான் சட்டம் போட்டு மாட்டலாம் போலிருக்கிறது.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். செராமிக் ஹீட்டரைச் சாதாரணப் பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டாதீர்கள், உருகும். பீங்கான் ஹோல்டர்தான். பெட்டிக்கு உள்ளே தொங்கவிடுகிறீர்கள் என்றால் கட்டாயம் கம்பிக் கூடு போடுங்கள், பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளும்.

மேலிருந்து சூடு வந்தால் காற்று காயும், அது ஒரு தொல்லை. அதற்காக மேலே தண்ணீர் தெளிக்காதீர்கள், ஈரத்திலேயே கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். நான்கு மூலையிலும் மெதுவாக ஊற்றினால் தண்ணீர் அடியில் இறங்கிவிடும், மேல் துண்டுகள் காய்ந்தே இருக்கும். மட்டையில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். சூடான பக்கத்துக் குகை, வாசலில் வால் தெரிகிறதா? நேற்று இரவு சாப்பிட்டுவிட்டு நேராக அங்கேதான் போனாள். முழுசாகக் காட்டச் சொல்லாதீர்கள், சாப்பிட்டபின் 48 மணி நேரத்துக்கு நான் கை வைக்கமாட்டேன். இன்றைக்கு வால் மட்டும்தான்.