கமோடின் மேல் இருக்கும் பளிங்கை எதைக் கொண்டு ஒட்டினார்கள்?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்கிறார்: "பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள நீலநிற கமோடைப் போன வீடியோவில் காட்டினீர்கள். அவ்வளவு அழகான வேலைப்பாட்டின் மேல் எதற்குச் சாம்பல் நிறக் கல்? அதை எப்படி ஒட்டினார்கள்?"

கமோடு என்றதும் சிலர் சிரித்திருப்பீர்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வசதியானது என்று பொருள். இழுப்பறை வைத்த தாழ்வான பெட்டிக்கு அங்கே அதுதான் பெயர். கழிப்பறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, கல்லுக்கு வருவோம். அதை ஒட்டவே இல்லை! அம்மிக்கல்லை யாராவது தரையோடு ஒட்டுவார்களா? கனமே பிடித்துக்கொள்ளும். இதுவும் அப்படித்தான், சும்மா எடுத்து வைத்ததுதான்.

நீங்கள் பார்த்த கமோடு 1742-இல் செய்தது. பதினைந்தாம் லூயி மன்னர் பாரிசுக்குத் தெற்கே, சேன் நதிக்கரையில் ஷுவாசி என்ற ஊரில் ஒரு மாளிகையை 1739-இல் வாங்கினார். அங்கே அவருடைய காதலி மாய்யி சீமாட்டிக்கு ஓர் அறை, முழுக்க நீலமும் வெள்ளையுமாக. அந்த அறைக்காகவே சொல்லிச் செய்யவைத்த கமோடு இது. அதனால்தான் உலோக வேலைக்கும் வழக்கமான தங்க முலாம் பூசாமல் வெள்ளி முலாம் பூசினார்கள். கல்லும் நீலம் கலந்த சாம்பல் நிறப் பளிங்கு. பாவம், அதே ஆண்டு நவம்பரில் சீமாட்டியை அரண்மனையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தது சொந்தத் தங்கை!

மரவேலை மத்தியூ கிரியார் என்ற தச்சருடையது. ஆனால் மன்னருக்கு விற்றவர் எபேர் என்ற வணிகர். அந்தக் காலத்து பாரிசில் தச்சர் சங்கம் வேறு, வெண்கலம் வார்ப்பவர் சங்கம் வேறு. கல் அறுப்பது இன்னொருவர் வேலை. எல்லாரையும் ஒருங்கிணைத்து ஒரே பொருளாக ஆக்குவது இந்த வணிகர்கள்தான். கல் தனியாக வந்து உட்கார்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், ஏன் கல்? மெழுகுவர்த்தி, தண்ணீர்க் குடம், வாசனைத் தைலம் எல்லாம் அதன் மேல்தான் வைப்பார்கள். மெல்லிய மரத்தகடும் வார்னிஷும் இதையெல்லாம் தாங்காது. கல் என்றால் துடைத்தால் போதும். அழகுக்கு மட்டும் வைத்தது என்று நினைப்பது, என்னைக் கேட்டால், பாதி உண்மைதான்.

தனியாக இருப்பதால் உடைவதும் சுலபம், மாற்றுவதும் சுலபம். பழைய கமோடு ஒன்றைப் பார்த்தால் கல்லின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பழைய கல் என்றால் மேலே வழவழப்பாக இருந்தாலும் அடியில் அநேகமாகச் சொரசொரப்பாக, உளித் தடத்தோடு இருக்கும். சுவரை ஒட்டி நிற்கும் பின் ஓரத்தையும் பெரும்பாலும் மெருகேற்றியிருக்க மாட்டார்கள். அடியும் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தால் பின்னாளில் மாற்றிய கல்லோ என்று சந்தேகப்படலாம். ஒன்று, கல்லைத் தூக்கும்போது கதவைத் தூக்குவது போல நிமிர்த்தித் தூக்கச் சொல்லுங்கள். படுக்கைவசத்தில் தூக்கினால் தன் கனத்திலேயே நடுவில் விரிசல் விட்டுவிடும்.