போட்டோவில் தெரியாத கை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'ப' எழுதுகிறது. இடக்கோட்டை மேலிருந்து கீழே இழுத்து, வலப்பக்கம் திருப்பி, பென்சிலை எடுக்காமல் மேலே ஏற்ற வேண்டும். குழந்தையோ மூன்று தனிக்கோடு போட்டு ஒட்டவைக்கிறது. இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. வகுப்பறையில் டீச்சர் பெஞ்சுக்கு நடுவே நடந்து போகும்போதே இது கண்ணில் பட்டுவிடும். ஆன்லைன் வகுப்பில், வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவில் படாது. அதில் இருப்பது எழுதி முடித்த 'ப'. அழகாகத்தான் இருக்கும், 'வெரி குட்' போட்டுவிடுவோம். கை அப்படியே பழகிப்போய், பிறகு சொல்வதெழுதுதலில் வேகம் வராதபோதுதான் காரணம் தேடுவோம்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. இன்றும் மழை விடுமுறை விட்டால் சில பள்ளிகளில் ஆன்லைன் வகுப்பு வந்துவிடுகிறது. அதனால் இதைப் பழைய கதை என்று தள்ள முடியாது.

டீச்சர்களே, போட்டோவுக்குப் பதில் இருபது விநாடி வீடியோ கேளுங்கள். முகம் வேண்டாம், கை போதும். ஒரு சாண் உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி, பின்கேமரா கீழே பார்க்கும்படி போனை அதன்மேல் படுக்கவைக்க வேண்டும். கேமரா உள்ள முனை நான்கு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மறுமுனையில் ஒரு தடித்த புத்தகம் பாரமாக இருக்கட்டும். வலக்கையால் எழுதும் குழந்தைக்கு அடுக்கு இடப்பக்கம் இருந்தால் முழங்கை இடிக்காது. முப்பது பிள்ளைகள் என்றால் நாளுக்கு ஆறு பேர். ஐந்து நாளில் ஒரு சுற்று வந்துவிடும். முப்பதையும் ஒரே இரவில் கேட்டால் டீச்சரின் போன்தான் முதலில் நிரம்பும்.

அடுத்தது ஒலி. டீச்சர் சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து சொல்வது சின்ன வகுப்பின் உயிர். ஆன்லைனில் அது சிதறிவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒலி போய்ச் சேரும் தாமதம் வேறு. பல குரல் ஒன்றாக வந்தால் செயலி உரத்த குரலை மட்டும் கேட்கவிட்டு மற்றதை அமுக்கும். எல்லோரையும் மியூட்டில் போட்டுவிட்டு, ஒருவரை மட்டும் திறந்து கேட்பதே வழி. ல, ள, ழ மூன்றும் நாக்கு எங்கே, எப்படிப் போகிறது என்பதால் வேறுபடுகிறவை. சின்னத் திரையில் நாக்கு தெரியாது. ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பினால் பிள்ளை பத்து முறை போட்டுக் கேட்கலாம். நேரலை வகுப்பு டேட்டாவை விழுங்கும். குரல்பதிவுக்குச் சில நூறு கேபி போதும்.

மத்தியக் கல்வித் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலில், மழலையர் வகுப்புக்கு நாளுக்கு 30 நிமிடம், 1 முதல் 8 வரை தலா 30–45 நிமிடத்தில் இரண்டு அமர்வு என்று வரம்பு இருந்தது. ஒன்றாம் வகுப்புக்கு அதுவும் அதிகம் என்பேன். பதினைந்து நிமிடம் தாண்டினால் பிள்ளை மின்விசிறியைத்தான் பார்க்கும்.

பெற்றோருக்கு ஒன்று: பக்கத்தில் உட்கார்ந்து விடையைக் காதில் ஓதாதீர்கள். பின்னால் உட்காருங்கள். தப்பாகச் சொன்னால் சொல்லட்டும், டீச்சருக்கு அந்தத் தப்புதான் வேண்டும்.

பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அப்பா வேலை முடிந்து வர இரவு ஏழாகிவிடும். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காலை பத்து மணி வகுப்பில் 'ஆப்சென்ட்' போடுவதில் நியாயமில்லை. ஏழரைக்கு ஒரு குரல்பதிவு, மறுநாளைக்குள் ஒரு கை வீடியோ. அதை வருகையாக எழுதிக்கொள்ளுங்கள்.