நடுவிரல் நகர்ந்தால்

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு ஒருமுறை தொண்டை கட்டி நாலு நாள் பேச்சே வரவில்லை. கோயில் பஜனையில் ஓகன் (கீபோர்ட்) வாசித்த தம்பி எடுத்த சுருதியிலேயே நானும் பாடினேன். குறைக்கச் சொல்லியிருக்கலாம். எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்குப் பிறகுதான் கோட் பழகினேன்.

கோட் என்பது சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள், பெரும்பாலும் மூன்று. ஓகனில் 1 கட்டைச் சுருதிக்குரிய வெள்ளைக் கட்டையை, அதாவது இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கிற இடத்துக்கு இடப்பக்கத்து ‘சி’யை, ‘ச’ என்று வையுங்கள். கறுப்பையும் சேர்த்து எண்ணி நாலு கட்டை மேலே போனால் ‘க’. அங்கிருந்து மூன்று போனால் ‘ப’. மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் சி மேஜர். இனி நடுவிரலை மட்டும் ஒரு கட்டை இடப்பக்கம் நகர்த்துங்கள், அது சி மைனர். சவும் பவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஆனால் வயலுக்கு மேல் முகில் வந்து மூடினது போல இருக்கும்.

சங்கீதம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. மேஜரில் வருவது சங்கராபரண ராகத்தின் காந்தாரம், அதாவது ‘க’. மைனரில் வருவது கரகரப்பிரியா ராகத்தின் காந்தாரம். ஆகவே ஒரு கோட்டைக் காதால் பிடிக்க, ஆக அடியில் கேட்கிற சுரத்தை முதலில் முனகுங்கள். அதைச் ‘ச’ ஆக்கி இந்த இரண்டு காந்தாரத்தையும் மாறி மாறிப் பாடிப் பாருங்கள். ஒன்று ஒட்டும், மற்றது உறுத்தும். வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கேட்பது நல்ல பயிற்சி. சிறுபிள்ளைகள் நம்மை வென்றுவிடுவார்கள்.

எளிய பாட்டுகள் பல ச, ம, ப என்ற மூன்றின் மேல் எழும் கோட்களிலேயே ஓடிவிடும். ‘ப’ கோட்டுக்குள் காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த ‘நி’ இருக்கிறது. அது மேல் ‘ச’வுக்கு அரைச்சுரம், அதாவது பக்கத்துக் கட்டை அளவு, கீழே நின்று தவிக்கும், அதனால்தான் அந்தக் கோட் வந்ததும் பாட்டு முடியப்போகிறது என்று காது சொல்கிறது. இது பிடிபட்டால் சுருதியும் பிடிபடும். பிறகு, ‘தம்பி, சுருதியை ஒரு கட்டை குறைத்து வாசியும்’ என்று தைரியமாகச் சொல்லலாம்.

சரி, குரலை மேலே கொண்டுபோவது எப்படி? உச்ச சுரத்துக்குக் குரல் நாண்கள் இழுபட்டு மெலிய வேண்டும். மூச்சைத் தள்ளிக் கத்தினால் அவை இறுகி மோதும், மெலியாது. பிள்ளைகள் லொறி ஓட்டி விளையாடும்போது உதட்டை ‘பிர்ர்ர்’ என்று அடிப்பார்களே, அதே சத்தத்தோடு கீழிருந்து மேலே வழுக்கிப் போய் வாருங்கள். காலையில் 10 நிமிடம் போதும். மெதுவாகப் பாடியும் சுகமாக வருகிற உச்சத்தைக் குறித்துக்கொண்டு, அது பழகிய பின்னரே அடுத்த அரைச்சுரம். கீழ்ப் பக்கமும் அப்படித்தான், ஆனால் அங்கே கூடுவது கொஞ்சம்தான். நோ வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். சோளகக் காற்றுப் புழுதியில் தண்ணீர் குடிக்காமல் பாடவே வேண்டாம். மூன்று கிழமைக்கு மேலும் குரல் கரகரத்தால் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

‘கூத்தர் விடிய விடிய உச்சத்தில் பாடுகிறார்களே’ என்று கேட்பீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்திருந்தால் பிற்பாட்டைக் கவனித்திருப்பீர்கள். கூத்தர் ஒரு அடி பாடிவிட்டால் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் கூத்தர் மூச்சு வாங்குகிறார், தொண்டைக்கும் ஓய்வு. நான் அன்றைக்குப் பஜனையில் ஒரு அடியையும் மற்றவர்களுக்கு விடவில்லை.