கதையன்று, கவிதையே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிரேக்கப் பெண்பாற் புலவர் சாப்போவை இன்றளவும் வாழவைப்பது அவருடைய வாழ்க்கைக் கதையா, எஞ்சிய கவிதைகளா என்ற வழக்கில், கவிதைகளே என்று வாதிட வந்திருக்கிறேன்.

படகோட்டி ஃபயோன் மீது கொண்ட காதல் கைகூடாமல் சாப்போ லெவ்காஸ் பாறையிலிருந்து கடலில் குதித்தார் என்று எதிரணித் தலைவர் உருக்கமாகச் சொன்னார். கி.மு. 600-ஐ ஒட்டி லெஸ்போஸ் தீவில் வாழ்ந்தவரைப் பற்றிய அந்தக் கதை, ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து ஏதென்சில் நாடகம் எழுதிய மெனாண்டரின் வரிகளில் இருக்கிறது. சாப்போவின் வரிகளில் அது இல்லை. அவர் நாடுகடத்தப்பட்டுச் சிசிலிக்குச் சென்றதை ஒரு கல்வெட்டு சொல்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு செய்திக்காக எவர் அவரைத் தேடிப் படிக்கிறார்?

அலெக்சாந்திரியா அறிஞர்கள் தொகுத்த அவருடைய நூல்களில் இன்று மிஞ்சியவை ஏறத்தாழ 650 வரிகள். முழுமையாகக் கிடைத்தது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது, காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியை அழைக்கும் 28 வரிப் பாடல் ஒன்றே. அதுவும் டயோனீசியஸ் என்ற திறனாய்வாளர் மெருகேறிய நடைக்குச் சான்றாக எடுத்தாண்டதால் பிழைத்தது. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் நகரின் பழங்குப்பை மேடுகளைத் தோண்டியபோது கிடைத்த பாப்பிரஸ் கிழிசலில் வேறொரு பாடல் வந்தது. உலகில் பேரழகு எதுவென்றால், குதிரைப்படை என்பர் சிலர், காலாட்படை என்பர் சிலர், கப்பற்படை என்பர் சிலர். ஒருவர் நேசிப்பது எதுவோ அதுவே என்பேன் நான் என்கிறார் சாப்போ. செல்வமும் படைவலிமையும் மிக்க லிடிய நாட்டுத் தேர்களைவிட, தன்னைப் பிரிந்துபோன அனக்டோரியா என்ற பெண்ணின் நடையையும் முகத்தின் ஒளியையும் காணவே விரும்புகிறேன் என்றும் சொல்கிறார். படைகளைப் பாடுவதே பெருமையென்றிருந்த உலகில் ஒரு பெண் இப்படிச் சொன்ன துணிவு, எந்தக் கட்டுக்கதையிலும் இல்லாதது.

எதிரணியினர் போற்றும் அந்த வாழ்க்கைக்கும் நல்ல சான்று கவிதைதான். பொன்மலர் போன்ற வடிவுடைய அழகுக் குழந்தை எனக்கு உண்டு, என் அன்புக் கிளேயிஸ், அவளுக்கு ஈடாக லிடியா முழுவதையும் ஏற்கமாட்டேன், அழகிய… என்று தொடங்கும்போதே அந்தப் பாடல் அறுந்துவிடுகிறது. யாப்பு நூலார் ஒருவர் சந்தத்துக்குச் சான்றாக எடுத்தாண்டது அவ்வளவே. அந்த மூன்று வரிகளை முன்வைத்தே உங்கள் தீர்ப்பைக் கேட்கிறேன், நடுவர் அவர்களே.