நெல் தரிசு உளுந்துக்கு வரைபடம்

வணக்கம் நேயர்களே. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் சம்பா, தாளடி அறுப்புக்கு வரும் தை மாதத்தில், நெல் வயல் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளிப்பது பழைய வழக்கம். இதைத்தான் நெல் தரிசு உளுந்து என்கிறோம். எந்த ஊரில் எத்தனை ஏக்கருக்கு அது தேறும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் விதையை நேரத்துக்கு அனுப்பலாம். அதற்குத்தான் வரைபடம்.

களிமண்ணுக்குப் பச்சை, மணலுக்கு மஞ்சள், உவருக்குச் சிவப்பு என்று மண் படம் தீட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. தரிசு உளுந்துக்கு மண்ணை விட முக்கியம் நெல்லின் அறுவடைத் தேதி.

ஏனென்றால், அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே ஏக்கருக்கு 10, 12 கிலோ தெளிக்கிறோம். அப்போது மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் சுவடு பதியணும், சுவட்டில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும். பதம் தாண்டிவிட்டால் முளைத்தது மாசி வெயிலில் கருகும். அதற்கப்புறம் அந்த ஈரமும் பனியும்தான் பயிருக்கு ஆதாரம். அதனால்தான் தேதி, தேதி என்று சொல்கிறேன்.

அந்தத் தேதியை ரேடார் செயற்கைக்கோள் தரும். ஐப்பசி, கார்த்திகையில் சாதாரணப் படம் எடுத்தால் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். நடவு வயலில் தண்ணீர் நிற்கும்போது படத்தில் கருப்பாக விழும். பயிர் தூர் கட்டக் கட்ட வெளுக்கும். கருத்த நாளைக் குறித்து, ரகத்தின் வயதைக் கூட்டினால் அறுவடை நாள்.

இங்கேதான் அடிக்கடி தவறுகிறது. சி.ஆர். 1009 ரகத்துக்கு வயது 155 முதல் 160 நாள். அது விதைத்த நாளிலிருந்து! நாற்றங்காலில் இருந்த 30, 35 நாளைக் கழிக்க மறந்தால், கணக்கு ஒரு மாதம் தள்ளிப்போகும். புழுதியில் நேரடியாக விதைத்த வயலோ விதைக்கும்போது கருக்கவே கருக்காது. அந்த ஊர்களில் விதைத்த தேதியை விவசாயியிடமே கேட்டு எழுதுங்கள். ரகத்தையும் ரேடார் சொல்லாது, அதையும் கேளுங்கள்.

இன்னொன்று. படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஏக்கருக்கு 40 கட்டம். 20 சென்ட் வயலுக்கு எட்டே கட்டம், அதிலும் பாதி வரப்போரம். ஆகவே, சிறு வயல்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் கண்ணாறு வாரியாக, அதாவது ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். கிராம வரைபடத்தை ரேடார் படத்தின் மேலே பொருத்தும்போது மதகு, குளக்கரை மூலை, சாலை சந்திப்பு என்று நகராத இடங்களாக நாலைந்தாவது எடுங்கள். சற்று விலகினாலும் ஒருவர் வயலின் தேதி பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

இயந்திர அறுப்பு அதிகமுள்ள ஊர்களையும் குறிக்க வேண்டும். சக்கரத் தடத்தில் முளை நசுங்கும், வரிசையாகக் கொட்டிய வைக்கோலுக்கு அடியில் முளை எழாது.

நேரம் நெருங்குகிறது. கடலோர உவரைப் பற்றி ஒன்று மட்டும். வேதாரண்யம் பக்கம் மண் உப்பை மாசியில் அளந்து குறியுங்கள். கார்த்திகை மழையில் அளந்தால் உப்பு கரைந்து இறங்கியிருக்கும், உவர் நிலமும் படத்தில் பச்சையாக விழும். வணக்கம்.