பலகை சொல்லாத செய்தி

வன்னி மண்ணின் நாலாபுறமும் இந்த மாலை வேளையில் வானொலியைத் திறந்துவைத்திருக்கும் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அரச வைத்திய சேவையில் என் காலத்தின் பெரும்பகுதியை வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களிலேயே கழித்து ஓய்வு பெற்றவன் நான். வைத்தியத் தொழில் இன்று நம்மிடையே எந்த நிலையில் இருக்கிறது, வைத்தியர்கள் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்வது தகுமா என்பவை பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பேச என்னால் முடியவில்லை. அவை ஒரே கயிற்றின் இரு முனைகள்.

ஏ9 வீதியால் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். நகரங்களை அண்மிக்கும் இடங்களிலெல்லாம் தனியார் வைத்திய நிலையங்களின் பலகைகள் நிற்கின்றன. நிபுணரின் படம், பட்டங்களின் நீண்ட வரிசை, ‘சனல்’ செய்வதற்கான, அதாவது வைத்தியரைச் சந்திக்க முன்பதிவு செய்வதற்கான, தொலைபேசி இலக்கம் ஆகியவை அவற்றில் இருக்கும். இப்போது அதே பலகை முகநூலிலும் வருகிறது. நான் அரச சேவையில் சேர்ந்த காலத்தில் வைத்தியரின் வீட்டு மதிலில் கைப்பிடி அளவான பெயர்ப்பலகை ஒன்று இருந்தாலே அது பெரிய விடயம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு துணுக்காய்ப் பக்கமிருந்து ஒரு தாய், மகனுடைய இதயப் பரிசோதனை அறிக்கைகளை ஒரு பையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, தனியார் நிலையம் ஒன்றில் ஒரு நிபுணரை மூன்று தடவை சந்தித்திருந்தார். நான்காவது தடவைக்குக் காசில்லை. அறிக்கைகளைப் பார்த்ததும் அந்த நிபுணர் யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. அவர் நல்ல வைத்தியர். பையனுக்குச் செய்திருந்த சிகிச்சையும் சரியானது. ஆனால் அதே நிபுணர், அதே வாரத்தில் ஒரு நாள் காலையில், மாவட்டத்தின் அரச வைத்தியசாலையில் கிளினிக் நடத்துகிறார். அங்கே ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அதைச் சொன்னபோது அந்தத் தாய் என்னை நம்பாமல் பார்த்தார். “அங்கேயும் இவர்தானா ஐயா இருக்கிறார்? பஸ் நிலையத்துக்கு முன்னாலே இருந்த போர்டைப் பார்த்துத்தானே போனேன். ஆஸ்பத்திரியிலே இவர் இருக்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லையே” என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை இங்கே பேச வைக்கிறது. காசு கேட்கும் இடத்துக்குப் பலகை இருக்கிறது. காசு கேட்காத இடத்துக்கு இல்லை. 1951 ஆம் ஆண்டு முதல் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை வழங்கிவரும் ஒரு நாட்டில், அந்த இலவசம் எங்கே, எந்த நாளில், யாரிடம் கிடைக்கும் என்பதை ஒரு ஏழைத் தாய் அறிந்துகொள்ள வழியில்லாமல் இருப்பதைவிட இந்தத் தொழிலுக்கு வேறு பெரிய குறை இல்லை என்று நினைக்கிறேன்.

வைத்தியர் தம்மை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது நம் ஊருக்குப் புதிய கட்டுப்பாடு அல்ல. நாட்டு வைத்தியரான பரியாரியார் வீட்டுக்கு யாரும் பலகை பார்த்துப் போகவில்லை. ‘கைராசிக்காரர்’ என்ற ஊர்ப்பேச்சே அவருக்குப் போதுமாக இருந்தது. ஆங்கில வைத்தியத்துக்கோ 1927 ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டமும், அதன்கீழ் இயங்கும் இலங்கை மருத்துவ சபையின் ஒழுக்க விதிகளும் இருக்கின்றன. நோயாளிகளை வலிந்து இழுப்பதை அந்த மரபு இழுக்காகவே கருதிவந்தது. போரின் கடைசிக் கட்டமான 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள்களின் கீழும் வைத்தியசாலைகள் இயங்கியதை இந்த உரையைக் கேட்பவர்களில் பலர் கண்ணால் கண்டவர்கள். அங்கே நின்ற விரல்விட்டு எண்ணக்கூடிய வைத்தியர்களையும் தாதியரையும் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. வைத்தியர் என்ற சொல்லுக்கு வன்னி மக்கள் இன்றும் தரும் மரியாதை அங்கே சம்பாதிக்கப்பட்டது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847 ஆம் ஆண்டில் தோன்றியபோது, பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது தொழிலின் கண்ணியத்துக்குக் கேடு என்று தன் முதல் ஒழுக்கக் கோவையிலேயே எழுதிவைத்தது. ஆனால் 1975 இல் அந்த நாட்டின் வர்த்தக ஆணைக்குழு, இத்தகைய தடை போட்டியை ஒடுக்குகிறது என்று சங்கத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. வழக்கு 1982 இல் உச்ச நீதிமன்றம் வரை போய், தடை நிலைக்காமல் போனது. வைத்தியர் வாய் திறக்காவிட்டால் நோயாளி எப்படி விலையையும் தகுதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் என்பது ஆணைக்குழுவின் வாதம். அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. துணுக்காய்த் தாயைப் பாதித்ததும் ஒருவகையில் மௌனமே.

மற்றப் பாதி நமக்குப் பொருந்தாது. ஒரே தெருவில் பத்து நிபுணர்கள் இருக்கும் ஊரில் விளம்பரம் விலையைக் குறைக்கக்கூடும். ஒரு துறைக்கு ஒரு நிபுணர் இருப்பதே அரிதாக உள்ள இடத்தில், அவரும் வாரத்தில் ஒரு மாலை மட்டும் வெளியூரிலிருந்து வந்து போகும் இடத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அங்கே விளம்பரம் போட்டியை உண்டாக்காது, பயத்தையே உண்டாக்கும்.

பயத்துக்கு நம்மிடம் குறைவில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் நிற்பவருக்கு முதுகு நொந்தாலே அந்த நோய்தானோ என்ற கலக்கம் வருகிறது. அந்தக் கலக்கத்தைக் கண்டு ‘முழு உடல் பரிசோதனை’ என்று இருபது பரிசோதனைகளை ஒரே விலையில் கட்டி விற்கிறார்கள். முதலில் தேவைப்படுவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனையும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் மட்டுமே. அவற்றை அரச வைத்தியசாலையிலேயே செய்துகொள்ளலாம். இன்னும் சிலர், நோயை வேரோடு மாற்றும் என்று சொல்லித் தூள் விற்கிறார்கள். அந்தத் தூளை நம்பி நீரிழிவுக் குளிசையை நிறுத்திவிட்டு, கால் புண்ணோடு வாட்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலைக் காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு.

இன்னொன்று வன்னிக்கே உரியது. நம் மக்களில் எத்தனையோ பேர் போரில் வெடித்த செல் குண்டுகளின் துண்டுகளை உடலில் சுமந்து நடமாடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் வலிமையான காந்தத்தால் இயங்குவது. கண்ணுக்கோ மூளைக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இரும்புத் துண்டு கிடந்தால், அந்தக் காந்தம் அதை அசைத்துப் பெருங்கேடு விளைவிக்கலாம். ஸ்கான் அறையில் இதைக் கேட்பார்கள் என்பது உண்மை. ஆனால் காயம்பட்டபோது குழந்தையாக இருந்த ஒருவருக்கு, தன் உடலில் என்ன கிடக்கிறது என்பதே தெரியாமல் இருக்கலாம். ‘ஸ்கானுக்குச் சலுகை விலை’ என்று எழுதும் பலகையில் இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரி இடம் கொடுத்ததை நான் இதுவரை காணவில்லை.

இளம் வைத்தியர்களைக் குற்றம் சாட்டுவது என் நோக்கம் அல்ல. அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்ய 1977 இன் பின்னர் அனுமதி உண்டு, நானும் செய்தேன். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சக வைத்தியர்கள் வரிசையாக வெளிநாடு போனபோது, போகாமல் நின்றவர்களின் தோளில்தான் இரண்டு மூன்று பேரின் வேலை விழுந்தது. அவர்களில் தமிழ் தெரியாமல் வந்து, ‘எங்கே நோகுது’ என்று கேட்கப் பழகி, இரவும் பகலும் நின்ற சிங்கள வைத்தியர்களும் இருக்கிறார்கள். மாலையில் தனியார் அறையில் அமரும் ஒருவர் வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ஆனால் எழுதிக்கொடுக்கும் பரிசோதனைத் துண்டுக்கு ஆய்வுகூடத்திலிருந்து பங்கு வாங்கத் தொடங்கினால், அந்தத் துண்டு நோயாளிக்காக எழுதப்பட்டதா என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்ல முடியாமல் போகும்.

ஆகவே, அறிவித்தல் வேறு, விளம்பரம் வேறு என்று பிரித்துக்கொள்வோம். வைத்தியரின் பெயர், மருத்துவ சபையின் பதிவு இலக்கம், என்ன துறை, எந்த நாள், எவ்வளவு கட்டணம், எந்த மொழியில் பேசலாம் என்பவை அறிவித்தல். அவற்றை எழுதட்டும், பெரிதாகவே எழுதட்டும். அதன்கீழ் இன்னும் ஒரு வரி வேண்டும்: ‘இதே வைத்தியரை அரச வைத்தியசாலையில் இன்ன நாளில் இலவசமாகச் சந்திக்கலாம்.’ இதை எழுதுவதால் தனியார் நிலையம் மூடப்பட்டுவிடாது. காலை வரிசையில் நிற்க முடியாதவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் வரத்தான் செய்வார்கள்.

தனியார் எழுதும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாவட்ட வைத்தியசாலை ஒவ்வொன்றும் தன் கிளினிக் நாட்களை ஒரு தாளில் எழுதி, பஸ் நிலையம், கிராம அலுவலர் அலுவலகம், கூட்டுறவுக் கடை, கோயில், தேவாலயம் ஆகியவற்றில் ஒட்டலாம். மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கலாம். நிபுணர் மாறும்போது தாளும் மாற வேண்டும். அதற்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்தால் போதும். இந்த வானொலியும் ஒவ்வொரு ஞாயிறு மாலையும், வரும் வாரத்துக்கான கிளினிக் விபரத்தை மாவட்டம் மாவட்டமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நிமிடம் போதும். முதல் வாரத்துக்குரிய விபரத்தைத் திரட்டித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.